பெயர் சொல்லிக் கூப்பிட்ட சோடா சாமி

பொலிவியாவின் லா பாஸ் நகரத்துத் திருவிழாத் திடலில் இந்த வருஷம் கடவுள் இருபதடி உயரத்தில் எழுந்தருளினார். உபயம்: பும்பும் சோடா.

எக்கேக்கோ எங்கள் செல்வச் சாமி. மீசை, தொப்பை, விரித்த கை, உடம்பெல்லாம் மூட்டை முடிச்சு. ஜனவரி இருபத்துநாலாம் தேதி உச்சிப்பொழுது பன்னிரண்டு அடிக்கும்போது, ஆசைப்பட்டதைப் பொம்மையாக வாங்கிப் புகை காட்டிவிட வேண்டும். விரல் நீள வீடு வாங்கினால் வருஷத்துக்குள் நிஜ வீடு வருமாம். நான் விற்பது உள்ளங்கை அளவுப் பத்திரங்கள். டாக்டர் பட்டம் ஐந்து பொலிவியானோ, விவாகரத்து எட்டு. விவாகரத்துக்குத்தான் கிராக்கி. நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என்னிடம் டாக்டர் பட்டம் வாங்கிய எவனும் இதுவரை யார் வயிற்றையும் கிழித்ததில்லை.

என் கடைக்கு எதிரேதான் அந்த இருபதடி அவதாரம். செய்வித்தவர் பௌஸ்தினோ. வெள்ளைக் கோட்டு, சிரித்த முகம். விளம்பரக்காரர் என்றால் கோபம் வரும்; 'அனுபவச் சிற்பி' என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு சோடா மூடி கொடுத்தால் கூடாரத்துக்குள் விடுவார். இருட்டு வழி, சாம்பிராணி வாசனை, எங்கிருந்தோ புல்லாங்குழல். வழி முடியும் இடத்தில் சாமி. சாமி கண்ணை உருட்டி, புகையை ஊதி, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். செல்லப் பெயரையே சொல்லும். உங்கள் மனக்குறையையும் சொல்லும்.

"என்னைக் 'குண்டு'ன்னு கூப்புட்டாருய்யா! எங்கம்மா மட்டுந்தான்யா அப்படிக் கூப்புடும்!" என்று ஒரு லாரி ஓட்டுநர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

இதே ஆள் அரைமணிக்கு முன்பு வரிசையில் நின்றபோது ஒரு பெண் தாளை நீட்டினாள். பெயர், செல்லப் பெயர், மனக்குறை, வேண்டுதல். நான்கையும் தன் கைப்பட எழுதிக் கொடுத்து, எண் போட்ட சிவப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனார். நாமே எழுதிக் கொடுத்ததை நம்மிடமே புகையோடு படித்துக் காட்டினால் அதற்குத் தெய்வவாக்கு என்று பெயர்.

சரி, சோடாவோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சாமி எல்லோரிடமும் கடைசியில் ஒன்று சொன்னது: "பழசை விடு, புதுசு வரும்!" வீடு கேட்டவர்கள் பழைய வீட்டுச் சாவியைப் போட வாசலில் கண்ணாடிப் பெட்டியே வைத்திருந்தார் பௌஸ்தினோ. சாவி குவிந்தால் விளம்பரப் படத்துக்கு அழகாக இருக்குமாம்.

பக்கத்துக் கஞ்சிக்கடை தொமாசாவின் தங்கை தோரா, பன்னிரண்டு அடிக்கும்போது பெட்டியில் போடச் சாவியோடு வந்து நின்றாள். புருஷனை இழந்தவள். இரண்டு குழந்தைகளோடு ஒற்றை அறை வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் கசியானோ பெட்டி பக்கத்திலேயே நின்றார். அவருக்குப் பின்னால் புதுக் குடித்தனம், கட்டில் மெத்தையோடு.

"அடியே, இன்னைக்குப் புள்ளைங்கள எங்கடி படுக்க வைப்பே? மழைக்காலம்டி!" என்று தொமாசா கத்தினாள்.

"அடுத்த மாசம் கார்னிவல் திருநாளுக்குள்ள வீடு வந்துரும்க்கா. சாமியே 'தோராக்குட்டி, என் செல்வமே'ன்னு சொல்லிட்டாரு. எம்புருஷன் போனப்புறம் என்னை யாருக்கா தோராக்குட்டின்னு கூப்புட்டா?"

செத்த புருஷன் வைத்த செல்லப் பெயரைக்கூட சோடா விற்க எடுத்துக்கொள்கிறார்களே!

தொமாசா கரண்டியை வைத்தாள். வரிசையில் போய் ஒரு தாள் வாங்கினாள். பெயர்: ஜெனரல். வேண்டுதல்: எலும்பு. மனக்குறை: குளிப்பாட்டுகிறார்கள். ஜெனரல் அவளுடைய நாய். பட்டையை அதன் கழுத்தில் கட்டிக் கூட்டத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போனாள்.

சாமி புகை விட்டது. "ஜெனரல், என் செல்வமே! உன்னைக் குளிப்பாட்டும் துயரம் எனக்குத் தெரியும். பழசை விடு! எலும்பு வரும்!"

"பாத்தீங்களா? எழுதிக் குடுத்ததைப் படிக்கிறான்!" என்றாள் தொமாசா வெற்றியோடு.

லாரி ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாயோட மனசையும் தெரிஞ்சு வச்சிருக்காரே, மகராசன்!"

பத்து நிமிஷத்தில் வரிசையில் ஏழு நாய், ஒரு சேவல். சேவலுக்கு மனக்குறை என்னவென்று எழுதுவதில் அந்தக் குடும்பத்துக்குள் அடிதடி.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். சாமியை வெளியே பார்க்கத் திருப்பி, பௌஸ்தினோவே முதல் ஆளாக வாக்குக் கேட்கப் போவதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு நிற்பவர் தலையில் வண்ணக் காகிதத் தூள் கொட்டி வாழ்த்துவோம். யாரும் மறுக்க முடியாது. தொமாசா ஒரு கூடைத் தூளோடு பாய்ந்தாள்.

"நல்லாயிருங்க ஐயா! என்னங்க இது, கையில பட்டை கூட இல்லாம?" என்று மூக்கு, வாய், கண் எல்லாம் தூளைக் கொட்டி, ஜெனரலின் பட்டையை அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

கோயில் மணி அடித்தது. தோரா சாவியைப் பெட்டி வாய்க்கு நீட்டினாள்.

"எக்கேக்கோவே, நான் யார்?" என்று பௌஸ்தினோ கேமராவைப் பார்த்து முழங்கினார்.

"ஜெனரல், என் செல்வமே! உன்னைக் குளிப்பாட்டும் துயரம் எனக்குத் தெரியும்."

பௌஸ்தினோ இருமினார். "எக்கேக்கோவே, நல்லாப் பாருங்க. நான் பௌஸ்தினோ!"

"ஜெனரல், என் செல்வமே! பழசை விடு! எலும்பு வரும்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. லாரி ஓட்டுநர் மட்டும் சந்தேகமாக, "ஐயா குளிக்கிறதில்லையா?" என்றார். அதில்தான் சிரிப்பு வெடித்தது. தொமாசா சாமியின் தொப்பையில் ஓங்கி ஓர் உதை விட்டாள். தொப்பைக் கதவு திறந்தது. உள்ளே ஓர் இளைஞன், காதில் கருவி, ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் பாதி தின்ற கறிப்பணியாரம், முன்னால் ஒரு திரை.

"பட்டை கிட்ட வந்தா அந்த எண்ணுக்கு எழுதுனது திரையில வரும், வர்றதைப் படிப்பேங்க. வெளிய யாருன்னு எனக்கு எங்கங்க தெரியும்?" என்றான் அவன். அங்கே உண்மை பேசியவன் அவன் ஒருத்தன்தான்.

தோரா அவனிடம் போனாள். "தம்பி, காலையில 'தோராக்குட்டி'ன்னது நீதானா?"

"ஞாபகம் இல்லீங்க. நானூறு பேரு."

அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டாம் முறை தாலியறுத்த முகம் அது.

"போடும்மா, நேரம் தப்புது!" என்றார் கசியானோ, பெட்டியைத் தட்டி.

தோரா சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "வாடகை ஒண்ணாந்தேதி தர்றேன். அந்தக் கட்டிலைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

பௌஸ்தினோ விடுவாரா? "இதுவும் அனுபவத்தோட ஒரு பகுதிதான்!" என்று அறிவித்துவிட்டு, ஏமாந்தவர்களுக்கு ஒரு சோடா இலவசம் என்றார். பெயர், செல்லப் பெயர், மனக்குறை எழுதிக் கொடுத்தால் போதுமாம். நாற்பது பேர் பேனா கேட்டார்கள்.

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவனெல்லாம் உங்களைத் தெரிந்தவன் அல்ல ஐயா. அந்தப் பெயரை அவனிடம் யார் சொன்னது என்று ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். பெரும்பாலும் நீங்கள்தான்.