முள்ளம்பன்றி மருதாயி பிழைச் செய்தியை வரவழைத்த கதை

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. சிங்கம், புலி, நரி எல்லாமும் இருந்தன. அவை எல்லாக் காட்டிலும் இருப்பவைதான், விடுங்கள். இந்த அலுவலகத்தில் வளைச் சான்று கொடுப்பார்கள். எந்த வளை யாருடையது என்று தாளில் அச்சடித்து, கீழே முத்திரை குத்தித் தருவார்கள். தர வேண்டும் என்று சட்டம்.

அந்தக் காட்டின் புளியமரத்தடி வளையில் மருதாயி என்ற முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். அது தன் வளை என்று பாறையாண்டி என்ற உடும்பு சொல்லி அனுப்பினான். வழக்கு சிங்கத்திடம் போனது. சிங்கம் கொட்டாவியை முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது.

"வெள்ளிக்கிழமை உச்சிக்கு முரசு அடிப்போம். அதுக்குள்ள யாரு முதல்ல சான்றைக் காட்டுறாங்களோ அவங்களுக்கு வளை. ரெண்டு பேர்கிட்டயும் இல்லைன்னா, இப்ப இருக்கறவங்களே இருந்துக்கட்டும்."

இருந்தவள் மருதாயிதான். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இந்த உடும்பு எங்கிருந்தாவது ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினால் என்ன செய்வது? மழை வேறு வரப்போகிறது, பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெள்ளிக்கிழமை விடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடினாள்.

எழுத்தர் விழியப்பன் ஒரு தேவாங்கு. அவள் சொன்னதையெல்லாம் கணினியில் தட்டி, அச்சுப் பொத்தானை அமுக்கினார்.

"ஆச்சும்மா. அச்சாயிடுச்சு."

"தாளைக் காணோமே சார்?"

"பிழைச் செய்தி ஏதாவது வந்துச்சா?"

"இல்லையே."

"அப்ப அச்சாயிடுச்சு."

சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பாறையாண்டி ஒரு கண்ணைத் திறந்தான். "எனக்கும் இப்படித்தான் தாயி, மூணு வருஷம் முன்னாடி அச்சாச்சு. இதே வளைக்குத்தான். அப்ப நீ குடிவரலை. தாள் வரட்டும்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். உடும்பு ஒட்டினால் ஒட்டினதுதான்.

மருதாயி விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதும் விழியப்பன் உண்மையைச் சொன்னார். அந்தக் கணினியில் இருந்தது, பல காட்டுப் பிராணிகள் கூடிச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த அலுவலக மென்பொருள். ஆரம்பத்தில் அது 'அச்சுப்பொறிக்கான கட்டளை இல்லை' என்று ஒழுங்காகச் செய்தி காட்டிக்கொண்டுதான் இருந்தது.

"ஒவ்வொரு பிழைக்கும் அறிக்கை எழுதி, அச்சடிச்சு, சிங்கத்துக்கு அனுப்பணும்மா. அச்சடிச்சா மறுபடி பிழை வரும். அதுக்கு இன்னொரு அறிக்கை. நானும் குடும்பஸ்தன். செய்திக்குக் கீழே 'இனி இதைக் காட்டாதே'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. டிக் அடிச்சேன்."

"அடிச்சு?"

"அதுக்கப்புறம் பிழையே இல்லைம்மா." சுவரைக் காட்டினார். 'பிழையில்லா அலுவலகம்' என்று சிங்கம் கொடுத்த கேடயங்கள் வரிசையாக மாட்டியிருந்தன.

"நான் புகார் கொடுக்கறேன் சார்."

"தாராளமா. பிழைச் செய்தியை அச்சடிச்சு இணைச்சுக் கொடுங்க."

மருதாயிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது. "அட கெட்டுது போ! நகருங்க சார்" என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தன் முதுகு முள் ஒன்றைப் பிடுங்கி, அதன் முனையால் எழுத்துகளைத் தட்டி, அந்த மென்பொருளை உபயோகிக்கிறவர்கள் கேள்வி கேட்கும் இணையப் பக்கத்தில் தன் கஷ்டத்தை எழுதினாள்.

பாலைவனத்து ஒட்டகம் ஒன்று, "எனக்கு நன்றாகத்தானே அச்சாகிறது?" என்று பதில் போட்டது. ஒரு பென்குயின், "எந்தப் பதிப்பு?" என்று கேட்டது. சொன்னாள். "அதையா இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஏழு வருஷத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்த கழுதை ஒன்று, அடியிலேயே தானே எழுதியிருந்தது: "சரியாகிவிட்டது. நன்றி." எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. மருதாயி வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

கடைசியில் ஒரு வௌவால்தான் உருப்படியாகச் சொன்னது. "மறைத்த செய்திகளை அமைப்புகளில் போய் மறுபடி காட்டச் சொல்லுங்கள். பிறகு அச்சுப்பொறியின் பண்புகளில் 'கட்டளை' என்ற கட்டம் காலியாக இருக்கும். அதை நிரப்புங்கள்." நிரப்ப வேண்டிய மூன்றெழுத்தையும் அதுவே கொடுத்தது.

மருதாயி மறைத்ததைத் திறந்தாள். 'அச்சுப்பொறிக்கான கட்டளை இல்லை' என்று செய்தி வந்தது. சரி என்று அமுக்கினாள். இன்னொன்று வந்தது. அதையும் அமுக்கினாள். மொத்தம் நானூற்றுப் பதின்மூன்று வந்தன. விழியப்பனின் கண்கள் இதற்குமேல் விரிய இடமில்லாததால் அப்படியே இருந்தன. "தூங்கறதையெல்லாம் ஏம்மா எழுப்பறீங்க?" என்று கெஞ்சினார்.

அவள் காதில் வாங்காமல் கட்டளைக் கட்டத்தை நிரப்பினாள். அச்சுப்பொறி இருமியது, உறுமியது, ஒரு தாளைத் துப்பியது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். மருதாயிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தாளை எடுத்துப் பார்த்தாள். ஓர் அணிலின் திருமணச் சான்று. அந்த அணிலுக்கு இப்போது பேரன் பேத்திகள். அடுத்து வந்தது, ஒரு மானுக்கு ஓடையில் தண்ணீர் குடிக்க அனுமதி. அந்த மானைப் புலி தின்று இரண்டு மழை போய்விட்டது.

"என்னோடது எங்கே சார்?"

"நானூத்திப் பதிமூணாவதும்மா. வந்த வரிசையிலதான் வரும்."

"என்னோடதை முன்னாடி தள்ளுங்களேன்! முரசு அடிக்கப்போறாங்க!"

"இந்த மென்பொருள் ரொம்ப நியாயமானதும்மா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

ஒன்பதாவது தாள் வந்தது. 'புளியமரத்தடி வளை. உரிமையாளர்: உடும்பு பாறையாண்டி.' அதைத் தின்றுவிடலாமா என்று மருதாயி யோசித்த நேரத்தில் விழியப்பன் முத்திரையைக் குத்திவிட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பாறையாண்டி சுவரிலிருந்து இறங்கினான். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தான்.

"இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியலை தாயி. நீ நல்லா இருக்கணும்" என்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினான். அவன் சிங்கத்திடம் தாளை நீட்டி முடித்ததும் வெளியே முரசு அடித்தது.

மருதாயியின் சான்று சாயங்காலம் வந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை. அதைக் குட்டிகளின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். ஒரே நாளில் நானூற்றுப் பதின்மூன்று பிழைகளை உண்டாக்கியவள் என்று சிங்கம் அவளை அலுவலகத்துக்குள் வரக் கூடாதென்று உத்தரவு போட்டது. விழியப்பன் அந்த உத்தரவை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, கட்டளையை அழித்தார். செய்தி வந்தது. கட்டத்தில் டிக் அடித்தார்.

நீதி: அச்சுப்பொறியைச் சரிபார்க்க உட்காரும் முன், அது கெட்டுக் கிடப்பதால்தான் நாம் குடியிருக்கிறோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.