நான்காம் பாகம் வரும்வரை படுத்திருக்கவும்

உலக நிறுவனங்களின் வரலாற்றில், ஒரு பெண்மணியை வாழவும் விடாமல் சாகவும் விடாமல் ஐந்து வருடம் பத்து மாதம் பத்திரமாக வைத்திருந்த பெருமை எங்கள் திரைப்பட நிறுவனம் ஒன்றுக்கே உரியது. அந்த மகத்தான பணியை அருகிலிருந்து நடத்திய பாக்கியம் அடியேனுடையது. என் பதவி துணை மேலாளர், எதிர்காலப் பிரிவு. பிரிவில் என்னைத் தவிர ஒரு அலமாரியும் உண்டு.

எங்கள் 'எரிமலையான்' பட வரிசை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிமலையானுக்குக் கோபம் வந்தால் உள்ளங்கையிலிருந்து நெருப்பு வரும். முதல் பாகத்தில் நகரத்தைக் காப்பாற்றினான். இரண்டாம் பாகத்தில் அதே நகரத்தை வேறு கோணத்திலிருந்து காப்பாற்றினான். மூன்றாம் பாகத்தின் கடைசியில் பாலம் இடிந்து அவனுடைய அம்மா அடியில் சிக்கிக்கொள்கிறாள். கேமரா அவள் கைக்குப் போகிறது. சுண்டுவிரல் லேசாக அசைகிறது. திரை இருள்கிறது. 'எரிமலையான் மீண்டும் எழுவான்' என்று எழுத்து வருகிறது.

விரல் அசைந்ததற்குக் காரணம் எறும்பு. அம்மாவாக நடித்தவரே என்னிடம் சொன்னார். ஆனால் இயக்குநர் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "இந்த விரலை வெச்சே ரெண்டு பாகம் எடுக்கலாம்" என்றார். இப்படியாகக் கதையை முற்றுப்புள்ளி இல்லாமல் 'கமா'வில் நிறுத்தினார்கள். அம்மாவைக் கோமாவில் நிறுத்தினார்கள்.

அதன்பின் எங்கள் சட்ட அதிகாரி ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவை எடுத்துக்கொண்டு அம்மாவாக நடித்தவரின் வீட்டுக்குப் போனார். நானும் உடன் போயிருந்தேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஜன்னலோரம் துணி காயப்போடும் கொடி. அம்மாவும் அவர் கணவரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க வேற படத்துல நடிச்சா, இந்தக் கதையில நீங்க செத்துட்டீங்கன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்றார் சட்ட அதிகாரி. "எங்க ஆபீஸ் பக்கம் வந்தா, உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டும் பண்ணக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாலாம் பாகம் வர்ற வரைக்கும்."

"அது எப்ப வரும்?"

சட்ட அதிகாரி என்னைக் காட்டினார். "எதிர்காலம் இவர் பொறுப்பு."

அன்றிலிருந்து மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நான் படிவத்தோடு அங்கே போவேன். முடியின் நீளம், உடல் எடை, வெளியே போன தடவைகள், வெளியில் சிரித்த தடவைகள். கோமாவில் இருப்பவர் இளைக்கலாமே தவிரப் பருக்கக் கூடாது என்பது இயக்குநரின் கறாரான கொள்கை. காய்கறி வாங்கப் போகும்போது அம்மா முகமூடியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்வார். தராசு என்னுடையது. போகும்போது எடுத்துப் போய், வரும்போது எடுத்து வந்துவிடுவேன்.

"தம்பி" என்று கணவர் ஒருநாள் கேட்டார், "இவ உயிரோட இருக்காளா இல்லையான்னு எனக்காவது சொல்லலாமில்ல?"

"அது ரகசியம் சார்."

"நான் முப்பது வருஷம் லிஃப்ட் பார்த்தவன். நடுவுல மாட்டிக்கிட்டவங்களை அரை மணி நேரத்துல வெளியே எடுத்துடுவேன். நீங்க என்னடான்னா பட்டனை அமுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க."

அதைப் படிவத்தில் 'குடும்பத்தினரின் ஒத்துழைப்பு: நன்று' என்று பதிவு செய்தேன்.

ஆறாம் வருடத் தொடக்கத்தில் ஒரு நாடகக் குழு அம்மாவைத் தேடி வந்தது. நீதிபதி வேடம். நாடகம் முழுக்க மேடையிலேயே இருக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா எடை பார்க்க நிற்கவேயில்லை. அறைக்குள் நடந்துகொண்டே பேசினார்.

"நாற்பது படத்துல அம்மாவா வந்திருக்கேன் தம்பி. 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டிருக்கேன், அழுதிருக்கேன், செத்திருக்கேன். ஒரு தடவைகூட நாற்காலியில உட்கார்ந்து தீர்ப்பு சொன்னதில்லை. உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க. படம் வந்துட்டா உடனே வந்து படுத்துக்கறேன்."

கேட்டேன். எங்கள் நிறுவனத்தில் யாருடைய கோரிக்கையும் அலட்சியம் செய்யப்படுவதில்லை. கூட்டம் போட்டுத்தான் நிராகரிக்கப்படும். குளிரில் பல் கிட்டும் அறையில் தலைவர், இயக்குநர், சட்ட அதிகாரி, நான்.

"முதல்ல இதைச் சொல்லுங்க, நாலாம் பாகம் எடுக்கறோமா இல்லையா?" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

"எடுக்கறோம்னு சொன்னா எதிர்பார்ப்பு போயிடும் சார்" என்றார் இயக்குநர். "எடுக்கலைன்னு சொன்னா ஆர்வம் போயிடும்."

"கதை இருக்கா?"

"விரல் இருக்கு சார்."

நாயகருக்கு உடை போட்டுப் பார்த்த விவரம் அடுத்து வந்தது. மூன்றாம் பாகத்து உடையில் இப்போது அவருடைய ஒரு கால் மட்டுமே நுழைகிறதாம். இடைப்பட்ட காலத்தில் அவர் வேறு ஏழு படங்களில் நடித்துவிட்டார். நான் எழுந்து, நாயகர் மட்டும் வெளியே நடிக்கலாமா என்று பணிவோடு கேட்டேன்.

"அவர் உயிரோட இருக்கறது ஊருக்கே தெரியுமே" என்றார் சட்ட அதிகாரி. "அதுல என்ன ரகசியம் இருக்கு, உட்காருங்க."

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, பொறுத்திருந்து பார்ப்பதென்று உடனடி முடிவு எடுக்கப்பட்டது.

"உங்க விஷயம் பரிசீலனையில இருக்கும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்படின்னா?" என்றார் கணவர்.

"கிடையாதுன்னு அர்த்தம் சார். மரியாதையா."

அம்மா தராசில் ஏறி நின்றார். இரண்டு கிலோ குறைந்திருந்தது. இயக்குநருக்கு அது பிடித்திருந்தது.

நீதிபதி வேடம் வேறொருவருக்குப் போனது. நாடகம் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்சிக்கு அம்மா மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்புக் காட்சியில் முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாராம். பக்கத்தில் இருந்தவர் போட்டோ எடுத்துவிட்டார். 'எரிமலையான் அம்மா உயிரோடு இருக்கிறார்!' என்ற தலைப்போடு மறுநாள் காலை அந்தப் போட்டோ இணையத்தில் வந்துவிட்டது.

அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. மறுப்பறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. 'படத்தில் இருப்பவர் அவராகவும் இருக்கலாம். அவரைப் போன்றவராகவும் இருக்கலாம். அந்தக் கேள்வியே நான்காம் பாகத்தின் உயிர்நாடி' என்று எழுதினேன். என் பணிக்காலத்தின் சிறந்த வாக்கியம் அது. வெளியிட்டுவிட்டு, நாடு கொந்தளிப்பதற்காகக் காத்திருந்தோம்.

மதியச் சாப்பாட்டு வேளைக்குள் அறுபத்து மூன்று பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். தலைவர் என்னை உரக்கப் படிக்கச் சொன்னார்.

"'யார் இது?'... 'எங்க கணக்கு டீச்சர் மாதிரியே இருக்காங்க'... 'எரிமலையான்னா புது அடுப்பா?'... மறுபடியும் 'யார் இது?' சார். அப்புறமும் 'யார் இது?' தான்."

ஆறு வருடமாக எடுக்கப்படாத முடிவு ஒன்று அன்று பதினைந்தே நிமிடத்தில் எடுக்கப்பட்டது. நான்காம் பாகம் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதல் பாகம். புது நாயகன், வயது இருபத்திரண்டு.

"அம்மா?" என்று கேட்டேன்.

"இந்தத் தடவை அம்மாவே வேண்டாம்" என்றார் இயக்குநர். "அவன் அநாதை. அதனால உலகத்துல இருக்கற எல்லாத் தாயும் அவனுக்குத் தாய்."

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். நாங்களும் எழுந்தோம்.

விடுவிப்புக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். 'தாங்கள் ஏற்றிருந்த பாத்திரம் வாழ்ந்ததாகவோ இறந்ததாகவோ கருதப்பட மாட்டாது. அப்படி ஒரு பாத்திரம் ஒருபோதும் இருந்ததில்லை எனக் கொள்ளப்படும்.' அம்மா இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இவ்வளவு நாளா நான் யாருக்காகத் தம்பி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். கொடியில் அவருடைய புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கணவர் என் கையிலிருந்த தராசை மெதுவாக வாங்கி வாசலுக்கு வெளியே வைத்தார்.

நான் இருக்கும்போதே அம்மா நாடகக் குழுவுக்குப் போன் செய்தார். நீதிபதி நாடகம் முடிந்துபோயிருந்தது. புது நாடகத்தில் ஒரு அம்மா வேடம் இருப்பதாகச் சொன்னார்கள்.

"வேண்டாம்" என்றார். "வேற?"

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் ஒரு திருடி. மூன்றே நிமிடம்.

"ஓடணுமா?"

ஓட வேண்டும் என்றார்கள்.

"வர்றேன்."

நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தார். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார், திரும்பி வந்து மறுபடி ஓடினார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இரண்டு அறைக்குள் தவிர அவர் நடந்துகூட நான் பார்த்ததில்லை. அவரைச் சந்திக்காமலே கிளம்பி வந்துவிட்டேன்.

புதிய முதல் பாகத்தின் விளம்பர வாசகத்தை எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. என் சேவையைப் பாராட்டி மேலாளர் ஆக்கியிருந்தார்கள். ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டிய அன்று காலையில் கணவர் போன் செய்தார்.

"தம்பி, எங்க தெருமுனையில பெரிசா ஒட்டியிருக்காங்க. 'எந்தத் தாயையும் கைவிடாத ஒரே வீரன்'னு. எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"நல்லாருக்கு. கீழ சின்ன எழுத்துல ஒரு வரி சேர்த்துடச் சொல்லுங்க. 'இது முற்றிலும் கற்பனை'ன்னு."

நியாயமான ஆலோசனை எதையும் எங்கள் நிறுவனம் தட்டிக்கழித்ததில்லை. உடனே சட்ட அதிகாரியிடம் எடுத்துப் போனேன். அவர் கோப்பிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது நம்ம நிறுவனத்தோட பேருக்குக் கீழேயே ஏற்கெனவே இருக்கேய்யா" என்றார்.