சின்னக் காருக்குப் பெரிய ஜீப்பின் பிரேக்

தாழ்வுபாடு, மன்னார்.
14.07.2014

அன்புள்ள டொமினிக் அண்ணாவுக்கு,

தங்கச்சி திரேசம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நானும் மகள் ஹம்சிகாவும் சுகம். உங்கள் கார்தான் சுகமில்லை. ஜெர்மனியில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். வாசிக்கும்போது சிரித்தால் எனக்குக் கேட்காது.

போன வருடம் லீவில் வந்து கொழும்பில் வாங்கி, ஆறு கிழமை ஓடிவிட்டு, எங்கள் வளவில் விட்டுப் போனீர்களே அந்தச் சிவப்புக் கார், அதை ஹம்சிகாதான் ஓடுகிறாள். இப்போது அவளுக்குப் பூநகரிப் பக்கம் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கு வெள்ளி காரில் தனியாக வந்து போவாளாம். போகிற வழியில்தான் அந்தக் குளக்கட்டு இருக்கிறது. இடம்பெயர்ந்து போகையில் சாமான் ஏற்றிய ட்ரக்டர் பெட்டி பிரேக் இல்லாமல் பின்னுக்கு உருண்டதும், சில்லுக்குக் கல் வைக்கப் போன ஹம்சிகாவின் அப்பா, உங்கள் மச்சான், அதற்கடியில் அகப்பட்டுக் கண்ணை மூடியதும் அந்த மேட்டில்தான். உங்களுக்குத் தெரியாததில்லை. எழுதக் கை வருகுதில்லை, ஆனாலும் எழுதினால்தான் மற்றது விளங்கும்.

மன்னார் ரவுனில் நஸார் தம்பியின் கராச்சில், கண்ணிவெடி எடுக்க வந்தவர்கள் விற்றுவிட்டுப் போன பெரிய ஜீப் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் பிரேக் தட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சோற்றுக் கோப்பையை விட அகலம். இதைக் காரின் முன்பக்கத்துக்குப் பூட்டு என்றேன். "அக்கா, இது ரெண்டு தொன்னுக்கு மேல பாரத்தை நிப்பாட்டுற சாமான். உங்கட கார் அதில அரைவாசியும் வராது" என்றான். "அப்ப ரெண்டு மடங்கு நல்லா நிக்கும்தானே" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஸ்பானரை எடுத்தான். பழைய சில்லு அந்தத் தட்டுக்கு மேலே ஏறவில்லை, பெரிய சில்லு தேடிப் போட்டால் அது மட்கார்ட்டில் உரசியது, மட்கார்ட்டை வெட்டினால் கார் முகத்தைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது, ஓடிப் பார்த்தால் பிரேக் மிதி நிலம் மட்டும் போயும் கார் நிற்கவில்லை. அந்தப் பெரிய பிரேக்குக்கு எண்ணெய் தள்ளச் சின்னப் பம்பால் முடியாதாம். அதையும் பெரிதாக்கினான்.

பிறகு பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டுக் காரை மந்திரிப்பித்து, முன் இருக்கையில் அவரை ஏற்றிக்கொண்டு ரவுனுக்குப் போனோம். பின்னால் குழந்தைகள் மட்டும் இருக்கக்கூடிய இடத்தில் நான், மடியில் அவருடைய மத்தியானச் சாப்பாட்டுக்கு விளைமீன் குழம்புச் சட்டி. நடு ரோட்டில் ஒரு கழுதை. ஹம்சிகா பிரேக்கைத் தொட்டதுதான் தாமதம், முன் சில்லு ரெண்டும் சட்டென்று நின்றுவிட்டது, கார் மட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. கழுதைக்கு ஒரு முழம் இருக்கையில்தான் நின்றது. கழுதை அசையவில்லை. குழம்பு சுவாமியாரின் வெள்ளை அங்கியில். "பரவாயில்லை திரேசம்மா, உப்புக் கணக்காத்தான் இருக்கு" என்றார் அந்த நல்ல மனுசன்.

நஸார் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, பிரேக் பிடிக்கிறது சில்லை. ரோட்டைப் பிடிக்கிறது டயர். டயர் வழுக்கினா, எவ்வளவு பெரிய பிரேக் போட்டும் பிரயோசனமில்லை" என்றான். ஹம்சிகா வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு, "அம்மா, அப்பாட ட்ரக்டர் பெட்டிக்கு இல்லாமப் போன பிரேக்கை என்ர காருக்குப் போட்டிருக்கிறீங்கள்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாமல் குசினிக்குள் போய் அழுதேன்.

ஆகையால் அண்ணா, காரின் சொந்தக்காரர் நீங்கள். காரைப் பூநகரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பாக ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் வாய் காட்டுவாள், உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். இந்த ஒரு உதவியைத்தான் கேட்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி திரேசம்மா

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடாமல் நாலு நாளாக வைத்திருந்தேன். மீன் வெட்டும்போதும் அவள் சொன்னதுதான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. நேற்று நானே நஸாரிடம் போய்ப் பழைய பிரேக்கையும் பழைய பம்பையும் பழைய சில்லையும் திரும்பப் பூட்டுவித்தேன். ஜீப்பின் தட்டுகளைக் கொண்டுவந்து, உப்பில் போட்ட மீனுக்கு மேலே பலகை வைத்துப் பாரமாக வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு நல்ல சாமான். இன்று விடிய ஹம்சிகா புறப்பட்டாள். கேற்றைத் திறந்துவிட்டது நான். குளக்கட்டு மேட்டில் காரை நிறுத்தி இறங்கி, அப்பாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போன் எடுத்தாள். கார் உருண்டதா என்றுதான் முதலில் கேட்டேன். ஹாண்ட் பிரேக்கைத்தான் இழுத்து வைத்தாளாம். அதில் நாங்கள் யாரும் கை வைக்கவில்லை. கார் அசையாமல் நின்றதாம். நீங்கள் அந்த வரியை எழுத வேண்டாம்.