கக்கத்து அண்ணாச்சியும் ஒழுகிய மீன் தொட்டியும்

1978 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் எழுந்தேன், பால் வாங்கினேன், ஸ்வெட்டரை வெயிலில் போட்டேன், வெயில்தான் வரவில்லை. மீன் தொட்டியின் அடியில் விரித்திருந்த நாளிதழ் நனைந்திருந்தது. கண்ணாடி இணைப்பில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. லீவு போட்டுவிட்டுக் கக்கத்து அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினேன்.

கொடைக்கானல் முழுவதிலும் அவருடைய இடது கை உயர்ந்து பார்த்தவர் ஒருவரும் கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வில்பட்டியில் குடியிருந்தவர். பங்களாக்களுக்கு ஜன்னல் கண்ணாடி பதிப்பவர். கண்ணாடி ஓரத்தில் அடைக்கும் மக்கு எங்கள் ஊர்க் குளிரில் கல்லாகிவிடும். அடுப்பில் காட்டினால் எண்ணெய் கக்கிவிடும், மனுசச் சூடுதான் பதம் என்பார். அதனால் அதை உருண்டையாக்கி, ஸ்வெட்டருக்குள் இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிவார். பஸ்ஸில் டிக்கெட்டைப் பல்லால் வாங்குவார். கோயிலில் ஒற்றைக் கையால் கும்பிடுவார். ஒருமுறை காய்ச்சலுக்குப் போனபோது டாக்டர் கக்கத்தில் தெர்மாமீட்டர் வைக்க வந்தாராம். “பொறுங்கய்யா, அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு” என்றாராம்.

அவர் வருவதற்குள் என் மனைவி சரோஜா இரண்டு தங்கமீன்களையும் சோற்றுக் குண்டானுக்கு மாற்றியிருந்தாள். அவள் தம்பி மதுரையிலிருந்து மலைப்பாதை முழுக்க மடியில் வைத்துக் கொண்டுவந்த மீன்கள்.

“அண்ணாச்சி, மீனு எறங்குனாத்தான் ஒலை ஏறும். வெரசா முடிங்க.”

“பொறுங்க தங்கச்சி. இந்த மல மழைக்கே அசையாத வேல நம்மளது.”

தொட்டியின் வெளிப்பக்கம் முழுவதும் அழகாக மக்கு பூசினார். தண்ணீர் ஊற்றினோம். உள்ளிருந்து தண்ணீர் தள்ள, மக்கு இடியாப்பம் போலப் பிதுங்கி விழுந்தது. அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். அவர் அடைத்த ஜன்னல்களிலெல்லாம் மழை வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது.

“சார், வேலையில கொற இல்ல. தண்ணிதான் தப்பான பக்கத்துல நிக்குது.”

“அப்ப மீனு வெளிய நிக்கட்டும், நாங்க உள்ள போயிருறோம்” என்றாள் சரோஜா.

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, உள்பக்கம் பூசுவதற்குப் புது உருண்டை பிடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது இளகும்வரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

அப்போதுதான் சரோஜா கத்தினாள். குண்டானில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

“தேத்தண்ணி ஆத்துற மாதிரி ஆத்தணும் தங்கச்சி, காத்து ஏறும்! ரெண்டு செம்பு குடுங்க!”

துள்ளி எழுந்த அண்ணாச்சி குண்டான் தண்ணீரை மொண்டு மேலும் கீழுமாக ஆற்றத் தொடங்கினார். அவருடைய இடது கை தலைக்கு மேலே போயிருந்தது! உருண்டை தரையில் விழுந்து கட்டிலடிக்கு ஓடியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, மக்கு…” என்றேன்.

“அது கெடக்கட்டும் சார். அதுக்கு உசுரா இருக்கு?”

ஆற்றினார், ஊற்றினார், மறுபடி மொண்டார். சாய்ந்த மீன் நிமிர்ந்து அடியில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. கட்டிலடியில் உருண்டை கல்லாகிக் கிடந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். குளிர் புகுந்த கக்கத்தைத் தேய்த்துக்கொண்டே, “நாளைக்கு வெள்ளனே, மொத பஸ்ஸுக்கு வந்துர்றேன் சார்” என்று கிளம்பினார். அன்றிரவு எங்கள் வீட்டில் ரொட்டியும் ஜாமும்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பல் துலக்குவதற்கு முன்பே, அந்த உருண்டையை எடுத்து என் இடது கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருடைய பஸ் வருகிற சத்தத்துக்காக வாசலில் நின்றேன்.