யாரு வந்தாலும் வாங்க சொல்லணும்

உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றால் முதலில் என்ன சொல்வீர்கள்?

அந்த ஒரு வார்த்தை இல்லாமல்தான் மனோஜ்குமார் வீட்டுக் காதுகுத்து நின்றுபோகப் பார்த்தது. விடிந்தால் விசேஷம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அங்கப்பன், நேற்று காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி இவர்கள் குடியிருக்கும் கணபதி வரைக்கும் வந்து, வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

"மரியாதை தெரியாத ஊடுன்னு சொல்லிப்போட்டாருங்க எங்கண்ணன்," என்றாள் மனைவி பூங்கொடி. "நான் கடைக்குப் போன நேரத்துல யாருமே வாங்கன்னு சொல்லலீங்களா? கெஞ்சிக் கூத்தாடி இன்னைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கறேன்."

"நான் பட்டறை ஆர்டர் விசயமா போன்ல இருந்தேன். இவ சும்மாதானே உக்காந்திருந்தா?"

இவ என்பது ஏழு வயது மகள் நித்யஸ்ரீ.

"இல்லீங்கப்பா, நேத்து நீங்க..."

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசப்படாது கண்ணு. அதுவும் மரியாதைதான். இனி யாரு வந்தாலும் வாங்க சொல்லணும். கூட்டியாந்து உக்கார வெக்கணும்."

பூங்கொடி கைக்குழந்தையோடு மண்டப வேலையாகக் கிளம்பிப் போனாள். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு ரங்கம்மாள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வீட்டுத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் போன சண்டையில், இரண்டு வருடமாகப் பேச்சில்லை. காற்றில் பறந்து வந்த துண்டை எடுக்க கேட்டருகே வந்தவரைத்தான் நித்யஸ்ரீ கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் பாப்பாவை உட்டுக் கூப்புட்டீங்கன்னு வந்தேன்," என்றார் ரங்கம்மாள். "கேளுங்க."

மனோஜ்குமார் கேட்டார். பிறகு மகளைத் தனியே அழைத்துப்போனார்.

"சொந்தக்காரங்களுக்கு மட்டும் சொல்லு சாமி."

"சொந்தம்னு எப்படிங்கப்பா தெரியும்?"

"எந்த ஊருன்னு கேட்டாத் தெரிஞ்சுபோயிரும்."

அடுத்து அவர் பார்த்தபோது, வாட்டர் ஃபில்டர் விற்க வந்த சஹீர் சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"காங்கேயமாமுங்கப்பா. அம்மா ஊரு. அப்ப மாமாதானுங்களே?"

"தங்கச்சி ஊட்டுல காசு வாங்குவனுங்களா மாப்ளை?" என்றார் சஹீர். "சும்மா மாட்டிக் காட்டறேன்."

குழாய் கையோடு வந்துவிட்டது. மனோஜ்குமார் ஓடிப்போய்ப் பைப்பைக் கட்டைவிரலால் அடைத்தார். அதற்குள் ஹாலெல்லாம் தண்ணீர். ரங்கம்மாள் இரண்டு காலையும் சோபா மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இப்பத் தெரியுதுங்களா எங்க கஷ்டம்?"

"நித்தி, இனி நீ வாயே தொறக்கப்படாது," என்றார் மனோஜ்குமார்.

அப்போது கேட் திறந்தது. அங்கப்பன்.

நித்யஸ்ரீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு, சொல்லு," என்று பைப்பை விடாமல் மனோஜ்குமார் கெஞ்சினார். அவள் தலையை ஆட்டினாள். ரங்கம்மாளும் சஹீரும்தான் சேர்ந்து "வாங்க, வாங்க" என்றார்கள். அங்கப்பன் அசையவில்லை.

"பாருங்க மச்சான், இன்னைக்கும் இப்படியே நிக்கறா," என்றார் மனோஜ்குமார். " எத்தனை சொல்லிக்குடுத்தும் மரியாதை வரமாட்டேங்குது."

"பாப்பாவை ஏனுங்க மாப்ளை சொல்றீங்க?" என்றார் அங்கப்பன். "நேத்தே 'வாங்க மாமா'ன்னு ஓடியாந்து என்ற பையை வாங்குச்சு. நீங்கதான் போன்லயிருந்து தலையே நிமுராம, 'கோயில் நன்கொடை போன மாசமே குடுத்தாச்சு, கெளம்புங்க'ன்னீங்க."

மறுநாள் காலை மாமன் மடியில் காதுகுத்து நடந்தது. மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் மனோஜ்குமார் வாங்க சொன்னார். நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறாரா என்று நித்யஸ்ரீ பக்கத்தில் நின்று கவனித்தாள். அவருடைய போன் அவளிடம் இருந்தது.