பேட்டரியைக் காலி செய்யச் சொன்னவர்

சேர்வராயன் மலையில் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் சேர்ந்தாலும் எங்கள் டிஸ்சார்ஜ் சாரின் கால் தூசிக்குப் பெற மாட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் லாரி ஒன்று வந்து நின்றது. அதன் மேல் ஒரு பழைய வேன். வேனுக்குள் பத்து பேட்டரி. முன்னால் உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதர் இறங்கி வந்து, "ஏனுங்க பாய், இந்தப் பேட்டரியெல்லாம் காலி பண்ணித் தருவீங்களா?" என்றார்.

அதுவரை சார்ஜ் ஏற்றத்தான் ஆள் வந்திருக்கிறது. இறக்கித் தரச் சொன்ன முதல் ஆள் இவர்தான். மலை ஏறியதில் தலை சுற்றுகிறதோ என்று முதலில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினார். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியாராம். வேனின் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு கரன்டில் ஓடும் மோட்டார் வைத்திருக்கிறார். இறக்கத்தில் பிரேக்குக்குப் பதில் அந்த மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுக்கும். அப்போது கரன்ட் உண்டாகிப் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். அப்படித் திருப்பிவிடும் பெட்டியை ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

"நெறஞ்ச பேட்டரியோட எறங்கினா, பழைய சார்ஜுன்னு சொல்லிப் போடுவாங்க. காலியா எறங்கோணுமுங்க."

பஸ் ஸ்டாண்ட் வாய் சும்மா இருக்குமா? ஏறுவதற்கு லாரி, இறங்குவதற்கு வேனா என்று சிரித்தார்கள். டிஸ்சார்ஜ் சார் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். முதல் தடவை மூன்றாவது வளைவிலேயே பெட்டி புகைந்தது. அடுத்த தடவை ஏழாவது வளைவில். மனிதர் அசரவில்லை. எரிந்த டிரான்சிஸ்டரை முகர்ந்து பார்த்து, போன தடவைக்கு இது தேவலை என்பார். நான் லாரி ஹெட்லைட் பல்புகளை வரிசையாகத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் எரித்து அவர் பேட்டரிகளைக் காலி செய்வேன். கடைக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும்.

அதற்குள் கல்லூரியில், இந்த விளையாட்டு போதும், அவருடைய லேபில் கம்ப்யூட்டர் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். லேப் போனால் ஆறு வருஷமும் போச்சு. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று துறைத் தலைவரே மலைக்கு வந்தார். வேனில் ஏறும்போதே, "எறக்கத்துல கல்லுகூட உருளுமுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். சார் பிரேக்கை விட்டார்.

பன்னிரண்டு வளைவு இறங்கினோம். புகை இல்லை. சார் வண்டியை நிறுத்தினார், திருப்பினார், மலையைப் பார்த்து மிதித்தார். வேன் ஏறியது. விறகுக்கட்டோடு நடந்த ஒரு அம்மா எங்களை முந்திக்கொண்டு போனது உண்மைதான், ஆனாலும் ஏறியது. இரண்டு வளைவு ஏறி நின்றுபோனது.

"ரெண்டே வளைவுதானா?" என்றார் தலைவர்.

"பிரேக்குல சூடாப் போயிருக்க வேண்டியதுங்க. ஊரே வீணாக்கறதை வெச்சு ரெண்டு வளைவு ஏறியிருக்கோம். லேபைப் பூட்டறதுன்னாப் பூட்டிக்குங்க. நான் நிறுத்த மாட்டேனுங்க."

பூட்டித்தான் விட்டார்கள், படுபாவிகள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கடையில் கை ஓடவில்லை. மனிதர் இனி வராமலே போய்விடுவாரோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலம் பஸ்ஸிலிருந்து பெட்டியை இடுக்கிக்கொண்டு இறங்கினார். எங்கே வைக்கட்டும் என்று கேட்க வாயெடுத்தார். என் சாமான்களையெல்லாம் வாசலில் அள்ளிப் போட்டு, கடையின் பின்கட்டை முந்தின நாளே அவருக்காக ஒழித்து வைத்திருந்தேன்.