ஔசேப்பின் பம்பர் வாழை

இந்த வருஷம் மாதா கோயில் பெருநாள் ஏலத்தில் தன் வாழைக்குலைதான் முதல் குலையாக நிற்க வேண்டும் என்று ஔசேப்பு சபதம் எடுத்துவிட்டார். குளித்துவிட்டு, இடுப்பில் ஈரத் துண்டோடு, உரக்கவே எடுத்தார். கேட்டது கோழிகள் மட்டும்தான்.

எல்லாம் போன வருஷம் பட்ட அவமானம். பக்கத்துத் தோட்டத்துப் பைலியின் குலையை இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். ஔசேப்பு தன் குலையை ஒற்றைக் கையில் கொண்டுபோனார். கோயில் பாதிரியார் பங்கு அச்சன் அதைப் பார்த்துவிட்டு, "ஏலத்துக்கா, இல்ல வறுவலுக்கா ஔசேப்பே?" என்று கேட்டுச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மனுஷர் பாவம், பாதி ஆயுசை மானந்தவாடி பஸ்ஸில் கண்டக்டராகக் கழித்தவர். மண்ணுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், பஸ் பஞ்சரானபோது கீழே இறங்கி நின்றதோடு சரி. தோட்டம் மனைவி ரோசம்மாவுடையது. பேரிலேயே ரோசம். மூன்று வருஷமாக ஒரு சொட்டு பூச்சிமருந்து, ஒரு பிடி ரசாயன உரம் உள்ளே விடாமல் மிளகும் இஞ்சியும் வளர்த்தாள். இந்தத் தடவை பரிசோதகர் வந்து தலையாட்டிவிட்டால் இயற்கை விளைச்சல் என்று சான்று கிடைக்கும். ரசாயனம் போட்டது தெரிந்தாலோ, மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"ரோசே, என் வாழைக்கு மட்டும் துளியூண்டு யூரியா..."

"அந்தப் பேரைச் சொன்ன வாயால சோறு தின்னாதீங்க இச்சாயா."

"வாழை பைலி வேலியோரமா ஒதுங்கித்தானடி நிக்குது?"

"அது பஃபர்."

"பம்பரா? ஓணம் பம்பரா?"

"லாட்டரி இல்ல. பஃபர்! பைலி சேட்டன் அடிக்கிற மருந்து நம்ம மிளகுல படாம இருக்க விட்ட இடம். அங்க விளையறதை இயற்கைன்னு விக்கக் கூடாது."

"அப்ப அது இயற்கை இல்ல?"

"விக்கும்போது இல்ல."

"அப்ப செயற்கை?"

"அதுவும் இல்ல."

"பின்ன என்னதாண்டி அது?"

"பஃபர்!"

ஔசேப்புக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனால் கண்டக்டர் மூளை சும்மா இருக்குமா? இயற்கை இல்லாத இடத்தில் யூரியா போட்டால் யார் கேட்பது? டிக்கெட் எடுக்காதவன் பஸ்ஸில் ஏறினால்தானே குற்றம், ஸ்டாப்பில் நின்றால் என்ன? நேரே பைலியிடம் போனார். ஒரு பை யூரியா வாங்கிவந்து விறகுக் கொட்டகையில் ஒளித்துவைத்தார். மறுநாள் காலை ரோசம்மா பால் கறக்கப் போன நேரம் பார்த்து வாழையடியில் தூவினார்.

அன்றைக்குப் பிடித்தது குழப்பம். மழை விழுந்ததும் யூரியா ஊதிப் பெருத்து வழவழவென்று ஆயிற்று. கோழிகள் ஓடிவந்து கொத்தித் தின்றன. ஔசேப்பு வேலிக்கு ஓடினார்.

"பைலியே, யூரியா கஞ்சி மாதிரி ஆகுமா?"

"கரைஞ்சு போகும். கஞ்சி எப்படி ஆகும்?"

"கோழி தின்னுமா?"

"தின்னா அப்புறம் கோழி இருக்காது."

"இருக்கே! கூட ரெண்டு முட்டை வேற போடுது!"

பைலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏன் சிரிக்கிறான் என்று ஔசேப்புக்கு விளங்கவில்லை. எதற்கு வம்பு என்று அன்றிலிருந்து முட்டையைத் தொடவில்லை.

"ஏன் முட்டை வேண்டாம்?" என்றாள் ரோசம்மா.

"வெள்ளிக்கிழமையாச்சே."

"இன்னிக்குச் செவ்வாய்."

"எல்லா நாளும் ஆண்டவர் நாள்தானே ரோசே."

ஆனால் வாழை? அடேயப்பா! குலை தள்ளி, பெருத்து, மரமே சாய்ந்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஔசேப்பு தினமும் அதன் முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பரிசோதகர் ஷைலஜா மேடம் வந்த அன்று காலையிலும் ஒரு பிடி தூவியிருந்தார். மேடம் மிளகுக்கொடியைப் பார்த்தார், இஞ்சிப் பாத்தியைப் பார்த்தார், சாணிக் குழியைப் பார்த்தார். எல்லாம் திருப்தி. பிறகு வாழையின் பக்கம் திரும்பினார். ஔசேப்பு குறுக்கே பாய்ந்தார்.

"மேடம், அது பஃபர். அங்க உங்களுக்கு ஜோலி இல்ல."

"பஃபர்லயும் ரசாயனம் போடக் கூடாதே! அதைத்தான் நல்லாப் பார்க்கணும்."

"அங்க விளையறதை இயற்கைன்னு விக்கிறதில்லையே!"

"விக்காட்டி என்ன, உங்க மண்தானே?"

ஔசேப்பு திரும்பி ரோசம்மாவைப் பார்த்தார். கொட்டுகிற மழையில் சாணிக்கூடை சுமந்தவள். இஞ்சி அழுகியபோதுகூட மருந்துக் கடைப் பக்கம் போகாமல் ஒவ்வொரு கிழங்காகப் பிடுங்கிப் போட்டவள். கேவலம் ஒரு குலைக்காக இவள் பாட்டையெல்லாம் பாழாக்கிவிட்டேனே என்று மேடத்தின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"மேடம், நான்தான் யூரியா போட்டேன்! இவளுக்கு ஒண்ணுமே தெரியாது. என்னை என்ன வேணா பண்ணுங்க, அவ மிளகை விட்டுடுங்க!" தேம்பித் தேம்பி அழுதார்.

ரோசம்மா கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மேடம் குனிந்து வாழையடியிலிருந்து வெள்ளை மணிகளைப் பொறுக்கினார். முகர்ந்தார். வாயில் போட்டுக் கடித்தார்.

"ஐயோ, துப்புங்க மேடம்!"

"இது ஜவ்வரிசியாச்சே?"

"நம்ம தோட்டத்து மரவள்ளியில நானே உருட்டினது மேடம்," என்றாள் ரோசம்மா. "வெளியில வாங்கல."

ஔசேப்பு பேந்தப் பேந்த விழித்தார். "அப்ப... யூரியா?"

"நீங்க கொண்டாந்து ஒளிச்சு வெச்ச அன்னிக்கே பைலி சேட்டன்கிட்டத் திருப்பிக் கொடுத்தாச்சு. வேலியோரமா இனிமே மருந்தடிக்க மாட்டேன்னு வாக்கும் வாங்கியாச்சு."

"குலை இவ்ளோ பெருத்ததே?"

"நீங்க குறட்டை விடுற நேரத்துல மீனும் வெல்லமும் ஊறவெச்ச மீன் அமிலத்தைத் தினமும் கலக்கி ஊத்தினது யாராம்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னா வேற கடையில நிஜ யூரியா வாங்கிட்டு வந்து நிப்பீங்க."

மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எல்லாம் சரியா இருக்கு ரோசம்மா, சான்று வந்துடும். எல்லாரையும் கேக்கற கேள்விதான், ஒண்ணு பாக்கி. இந்த வருஷம் தோட்டத்துல பூச்சித் தொல்லை ஏதாவது?"

ரோசம்மா புருஷனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். ஜவ்வரிசி வெச்சேன், அடங்கிருச்சு."